பெட்டிக்காரி

அவளுக்கு அப்பா அம்மா வைத்த நல்ல பெயர் ஒன்று இருக்கத்தான் செய்யும். நான் வைத்த பெயர் பெட்டிக்காரி. என் வீட்டுக்காரரின் தொடைச் சதை ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்க, அதன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தவளை வேறு எப்படிக் கூப்பிடுவது?

அவர் லிஃப்ட் மெக்கானிக். வேலையில் இருக்கும்போது இரும்புப் பாரம் ஒன்று நழுவி விழுந்து, இடது கால் எலும்பு வெளியே தெரிந்தது. வலது தொடையிலிருந்து தோலும் சதையுமாக ஒரு துண்டை எடுத்து, அங்கே வைத்துத் தைப்பதாக ஏற்பாடு. துண்டை எடுத்தாகிவிட்டது. அந்த நேரம் பார்த்து அவருக்கு ரத்த அழுத்தம் கிடுகிடுவென்று இறங்க, ஆபரேஷனைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள்.

"அவர் தேறுற வரைக்கும் சதையை மெஷின்ல உயிரோட வச்சிருக்கோம். அது செத்துப்போனா, முழங்காலுக்குக் கீழ எடுக்க வேண்டியதுதான்" என்றார் சர்ஜன்.

மாமியார் போன் செய்து, "எம் பையன் எங்கடி இருக்கான்?" என்று அழுதார். "ஐசியூவுல கொஞ்சம், பெட்டியில கொஞ்சம் அத்தை" என்றேன். வேறென்ன சொல்ல?

ஐசியூவுக்குள் என்னை விடவில்லை. பெட்டி இருந்த அறைக்குக் கண்ணாடிக் கதவு. அதனால் அங்கேயே நின்றுகொண்டேன். ஒரு பம்பு, ரத்தம் கலந்த திரவத்தை மெல்லிய குழாய் வழியாகச் சதைக்குள் ஓட்டிக்கொண்டிருந்தது. அவள் அடிக்கொரு தரம் குனிந்து, உறை போட்ட விரலால் சதையை அழுத்துவாள். அழுத்திய இடம் வெளுத்து மறுபடி சிவந்தால் சதை நன்றாக இருக்கிறது என்று அர்த்தமாம். அதெல்லாம் பிற்பாடு தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், தாலி கட்டிக்கொண்ட நான் வாசலில் நிற்க, எவளோ ஒருத்தி உள்ளே அவரைத் தொட்டுக்கொண்டிருக்கிறாள் என்பதுதான். வயிறு பற்றி எரிந்தது.

தரை துடைக்க வந்த அக்காவிடம் விசாரித்தேன். முன்பு இதய ஆபரேஷன்களில் ரத்தத்தை ஓட வைக்கும் பம்பை ஓட்டியவளாம். இந்த வேலையைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டாளாம். அண்ணன் வீட்டு மாடியில் தனியாக இருக்கிறாள். பெட்டியில் ஏதாவது இருந்தால் வீட்டுப் பக்கமே போகமாட்டாள், நின்றபடியே பன்னைத் தின்பாள். கல்யாணம் ஆகவில்லை. அந்தக் கடைசி விஷயத்தைக் கேட்காமலே இருந்திருக்கலாம்.

மதியம் துண்டின் ஓரம் நீலமாயிற்று. கதவைத் தட்டினேன். அவள் திரும்பவே இல்லை. சதையை லேசாகத் தூக்கி, அடியில் மடங்கிக் கிடந்த குழாயை நிமிர்த்தினாள். நீலம் மெல்ல விலகிச் சிவப்பு வந்தது. அப்போது அதைப் பார்த்துச் சிரித்தாள் பாருங்கள், ஒரு சிரிப்பு! கல்யாணமான நாளிலிருந்து அவரைப் பார்த்து நான்கூட அப்படிச் சிரித்ததில்லை.

வெளியே வந்தவளை மடக்கினேன். "கண்ணு கொட்டாம அப்படி என்னதான் பார்க்கறீங்க?"

"உங்க வீட்டுக்காரருக்கு வலிச்சா கத்துவாரு. அதுக்கு வாயில்லைம்மா. நாமதான் பார்த்துக்கணும்."

நல்ல பதில். அதனாலேயே கோபம் இன்னும் ஏறியது.

மறுநாள் அவர் தேறியதும் தைத்தார்கள். சதை பிடித்துக்கொண்டது, கால் தப்பியது. வார்டுக்கு மாற்றிய அன்று அவள் வந்து நின்றாள். "நீங்கதான் என் காலைக் காப்பாத்துனீங்களாமே" என்று இவர் கைகூப்பினார். அவள் இவர் முகத்தைப் பார்த்ததாகவே தெரியவில்லை. கண் காலிலேயே இருந்தது.

தைத்து முடித்துவிட்டால் சதை வார்டு நர்ஸின் பொறுப்பு. நர்ஸ் வந்து அழுத்திப் பார்த்து, தலையாட்டிவிட்டுப் போனாள். பெட்டிக்காரி அந்த நர்ஸின் விரலையே பார்த்தாள். எரிகிற வயிற்றோடு பார்க்கிற பார்வை எப்படியிருக்கும் என்று எனக்கா தெரியாது?

இவரை விட்டுவிட்டு என்னிடம் கேட்டாள். "தொட்டுப் பார்க்கட்டுமாம்மா?"

இவ்வளவு நடந்தும் சம்மதிக்க எனக்கு முழு மனசு வரவில்லை.

"ஒரே ஒரு தடவை" என்றேன்.