புஷ்பவள்ளியும் ரோமாபுரி வெண்கலக் காசுகளும்

சுப்பையா அண்ணனும் நானும் பினாங்குத் துறைமுகத்து வெல்ட் கீயில் ஒரே சரக்குக் கிட்டங்கியில் கணக்கெழுதும் கிராணி வேலை பார்த்தோம். கப்பலிலிருந்து இறங்குகிற மூட்டைகளுக்குக் கோடு போட்டு எண்ணுவதுதான் எங்கள் வேலை. அண்ணன் கள்ளுக்கடைப் பக்கம் போகாதவர். குதிரைப் பந்தயம் என்றால் என்னவென்றே தெரியாது. அவருக்கு இருந்த ஒரே கிறுக்கு பழைய காசு.

அது ஒட்டிக்கொண்டது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறாம் வருஷம். வீட்டுக் கெண்டிக்கு ஒரு மூடி தேடிக்கொண்டு சூலியா தெருவில் சீனி முகம்மதுவின் பழைய பித்தளைக் கடைக்குப் போயிருக்கிறார். உருக்கப் போகிற சாமான்களுக்கு நடுவே ஒரு தகரக் குவளை நிறையக் கறுத்துப்போன வில்லைகள். ஒவ்வொன்றும் சட்டைப் பொத்தான் அளவுதான்.

"இது என்ன பாய்?"

"சிலோன்லேருந்து வந்த காசு. எந்த ராஜாவோ, யாருக்குத் தெரியும்? ஒரு பிடி பத்து செண்ட், எடுத்துக்குங்க கிராணியாரே."

அண்ணன் ஒரு பிடி அள்ளிக்கொண்டார். மூடியை மறந்தே போனார்.

ஒரு காசில் தலையில் மணிப்பட்டை கட்டிய முகமும் அதைச் சுற்றி எழுத்தும் தெரிந்தன. இங்கிலீஷ் எழுத்துதான், ஆனால் கூட்டிப் படித்தால் இங்கிலீஷ் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை புலாவ் டிக்குஸ் தேவாலயத்தில் ஒரு பாதிரியாரிடம் கொண்டுபோனார். அவர் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்துவிட்டு, "இது லத்தீன். கான்ஸ்டன்டைன் என்று இருக்கிறது. ரோமாபுரிச் சக்கரவர்த்தி. ஆயிரத்து அறுநூறு வருஷம் இருக்கும்" என்றார். ஒரு தாளில் இருபது சக்கரவர்த்திகளின் பெயரை எழுதியும் கொடுத்தார்.

மறுநாள் அண்ணன் மூட்டைகளை இரண்டு தடவை தப்பாக எண்ணினார். "பத்து செண்டுக்கு ஆயிரத்து அறுநூறு வருஷம், தம்பி!" என்று என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு ஒரு வாரம்கூட நிற்கவில்லை. அவர் வேலைக்குப் போயிருந்தபோது அவருடைய மனைவி புஷ்பவள்ளி அக்கா அந்தக் காசுகளை எடுத்துப் புளி போட்டு, சாம்பல் வைத்துத் தேய்த்து, பளபளவென்று வரிசையாக அடுக்கி வைத்துவிட்டார். கறுப்போடு ராஜாக்களும் போய்விட்டார்கள். அண்ணன் திட்டவில்லை. சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். அக்காவுக்கு அதுதான் பொறுக்கவில்லை.

"திட்டியாவது தொலைங்களேன். இனிமே எப்படிக் கழுவணும்னு சொல்லுங்க, நானே செய்யறேன்."

அண்ணன் பாதிரியாரிடம் கேட்டு வந்து சொன்னார். அடுத்த பிடியிலிருந்து அக்கா காசுகளைத் தேங்காய் எண்ணெயில் வாரக்கணக்கில் ஊறப்போட்டு, மூங்கில் குச்சியால் மண்ணை மட்டும் மெதுவாகக் கிளறி எடுத்தார். அக்காவுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் கண் அபாரம். பின்பக்கத்துப் படத்தைப் பார்த்தே பிரித்துவிடுவார். இது இரண்டு சிப்பாய் கொடி பிடித்து நிற்பது, இது குதிரையிலிருந்து விழுகிறவனை ஈட்டியால் குத்துவது, இது மாலைக்குள்ளே எழுத்து. அண்ணன் முன்பக்கத்தில் பெயரை எழுத்துக் கூட்டித் தாளோடு ஒத்துப்பார்ப்பார். இருவருமாகச் சேர்ந்தால்தான் ஒரு காசு முழுசாகும்.

முப்பத்தொன்றில் ஒரு கப்பல்காரன் சீனி முகம்மது கடைக்கு ஆறு பெரிய காசுகளைக் கொண்டுவந்தான். அரை வெள்ளி நாணயத்தைவிடப் பெரிசு, பச்சை படிந்து, நீரோ என்று பெயர் தெளிவாக இருந்தது. காசு ஒன்று இரண்டு வெள்ளி. அண்ணனிடம் பன்னிரண்டு வெள்ளி இருந்தது. புதுக் கண்ணாடிக்காகச் சேர்த்தது. பணம் நாளைக்கு என்று பாயிடம் சொல்லிவிட்டு ஆறையும் வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

அக்கா ஜன்னலோரம் வைத்துப் பார்த்தார்.

"ஏங்க, இதுல காதுக்குக் கீழே ஒரு வெட்டு இருக்கு. அதுலயும் அதே இடத்துல இருக்கு."

"பழைய காசுன்னா அடிபடாம இருக்குமா?"

"ஆறும் ஒரே இடத்துலயா அடிபடும்? நம்ம முறுக்கு அச்சுல ஒரு இதழ் உடைஞ்சிருக்கே, நூறு சுட்டாலும் நூறுலயும் அந்த இதழ் உடைஞ்சுதானே வருது? இது எவனோ ஒரு காசை வச்சு அச்செடுத்து ஊத்தினதுங்க."

"உனக்கு என்ன தெரியும்!" என்று அண்ணன் கத்தினார். கல்யாணமான நாளிலிருந்து அவர் கத்தியது அன்றைக்குத்தானாம். அக்கா அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார். அண்ணன் ஆறு காசையும் வரிசையாக வைத்து, பழைய கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். ஆறு நீரோவுக்கும் காதடியில் அதே வெட்டு. விளிம்பிலும் ஒரே இடத்தில் ஒரே நெளிவு. கடைசியில் அடுப்படி வாசலில் போய் நின்றார்.

"புஷ்பம், சேலையை மாத்திக்க. பாய் கடைக்கு நீயே வந்து சொல்லு."

ரிக்‌ஷாவில் இரண்டு பேருமாகப் போனார்கள். அக்கா முறுக்குக் கதையைச் சொல்லச் சொல்லச் சீனி முகம்மதுக்கு முகம் சிவந்துவிட்டது. "நானும் நம்பிட்டேனே தங்கச்சி" என்று சொல்லிக் காசுகளைக் கப்பல்காரனிடமே திருப்பிக் கொடுத்து அனுப்பினார். அந்த வாரமே அண்ணன் புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தார்.

அதிலிருந்து பாய் கடைக்கு எந்தப் பழைய காசு வந்தாலும் முதலில் சுங்கை பினாங்கில் அண்ணன் வீட்டுக்கு, அக்காவிடம்தான் போகும். கிட்டங்கிக்கு வந்த ஒரு வெள்ளைக்காரத் துரை ஒருமுறை அந்தச் சேகரிப்பைப் பார்த்துவிட்டு, இதையெல்லாம் வகை பிரித்தது யார் என்று கேட்டார். "என் வீட்டுக்காரிதான் சார்" என்றார் அண்ணன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

போன தீபாவளிக்கு நான் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். ஒரு தேய்ந்த காசை நடுவில் வைத்துக்கொண்டு இருவரும் வாதாடிக்கொண்டிருந்தார்கள். அதில் இறக்கை முளைத்த ஒரு பெண், கையில் யாரையோ பிடித்து இழுத்துக்கொண்டு போகிறாள்.

"ஜெயதேவதை, தம்பி. கைதியை இழுத்துக்கிட்டுப் போறா" என்றார் அண்ணன்.

"கைதியாவது! குளிக்க மாட்டேங்கிற பிள்ளையை இழுத்துக்கிட்டுப் போறா. மூஞ்சியைப் பாருங்க" என்றார் அக்கா.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் காசை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். எனக்கும் பிள்ளை மாதிரித்தான் தெரிந்தது.