நீராவி ஊசியும் அண்ணாச்சியின் டியூபும்

யூராலஜி டாக்டரிடம் நர்ஸாக இருப்பவனுக்குப் பெரிய மனிதர்கள் பலரின் ரகசியம் தெரியும். வெளியே சொல்லத்தான் முடியாது. அடையாறில் ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் இருபது வருஷமாக எனக்கு இதுதான் வேலை. ஐம்பதைத் தாண்டிய சகோதரர்களே, கல்யாண மண்டபத்தில் நுழைந்ததும் மணமக்களைத் தேடாமல் டாய்லெட்டைத் தேடுகிறவர்களே, இது உங்களுக்காக. போன வருஷம் நானும் உங்கள் கட்சியில் சேர்ந்துவிட்டேன்.

முட்ட முட்ட வரவும்

சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பி வீங்கினால் சிறுநீர் வரும் வழி நெருக்கப்பட்டுவிடும். எவ்வளவு வேகமாக வருகிறது என்று அளக்க ஒரு மெஷின் உண்டு. அதற்கு நிறையத் தண்ணீர் குடித்து, அடக்கிக்கொண்டு வர வேண்டும். மேற்கு மாம்பலத்திலிருந்து வந்த ரிட்டயர்டு ஆபீசர் மாமாவுக்கு இதைப் போனில் மூன்று முறை சொன்னேன். வந்தார், மெஷின் முன்னால் நின்றார், ஒரு சொட்டு இல்லை. விசாரித்தால் வீட்டில் ஒரு தடவை, ஸ்டேஷனில் ஒரு தடவை, எங்கள் ஆஸ்பத்திரியிலேயே ஒரு தடவை போய்விட்டு வந்திருக்கிறார். கேட்டதற்குக் கோபம் வேறு. "ஆத்தை விட்டுக் கிளம்பறச்சே போயிட்டுக் கிளம்பறது அறுபது வருஷப் பழக்கம். உங்க மெஷினுக்காக மாத்திக்க முடியுமோ?"

ஒன்பது எண்ணும் நேரம்

தி.நகரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சிக்கு அடைப்பு முற்றி, மூன்று மாதமாகச் சிறுநீர் இறங்க டியூபும் பையுமாக வாழ்க்கை. இதயம் பலவீனம் என்பதால் மயக்க மருந்து கொடுத்து ஆபரேஷன் செய்ய யாரும் துணியவில்லை. ஆயுசுக்கும் டியூப்தான் என்று வேறு இடத்தில் சொல்லிவிட்டார்கள். வேட்டிக்குள் பை தெரியுமே என்று மனிதர் கடைப்பக்கமே போவதில்லை. எங்கள் டாக்டர் நீராவி ஊசி போட்டுப் பார்க்கலாம் என்றார்.

மரத்துப்போக மட்டும் மருந்து கொடுத்து, மெல்லிய கருவியை உள்ளே விட்டு, அதன் நுனியிலிருக்கும் ஊசி வழியாகச் சில சொட்டுத் தண்ணீரை ஆவியாகப் புராஸ்டேட்டுக்குள் செலுத்துகிறார்கள். ஒரு குத்துக்கு ஒன்பது நொடி. கத்தி இல்லை, தையல் இல்லை. ஆவி பட்ட சதை வாரக்கணக்கில் தானாகச் சுருங்கும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்குப் புல்லரிக்கிறது. கையைப் பிடித்துக்கொண்டு நான்தான் சத்தமாக எண்ணினேன். முடிந்ததும் அண்ணாச்சி சந்தேகத்தோடு என்னைப் பார்த்தார். "இட்லி வேகதுக்கே பத்து நிமிசம் ஆவுது தம்பி. இது ஒம்பது எண்ணுததுக்குள்ள முடிஞ்சிட்டாக்கும்?"

கதவுக்கு இந்தப் பக்கம்

ஒரு வாரம் கழித்து டியூபை எடுத்துப் பார்த்தோம். சிறுநீர் வரவில்லை. மறுபடியும் மாட்டினோம். அண்ணாச்சி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் மனைவி என்னிடமிருந்து புதுப் பையை வாங்கித் தன் கையாலேயே கட்டிவிட்டார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மூன்று வாரம் கழித்து மீண்டும் எடுத்தோம். இந்தத் தடவையும் வராவிட்டால் டியூப்தான் கதி என்று அவருக்கும் தெரியும். தண்ணீரைக் குடித்துவிட்டு, அளவுக் குவளையோடு டாய்லெட்டுக்குள் போனார். வெளியே அவர் மனைவியும் நானும். கால்மணி நேரம் சத்தமே இல்லை. பிறகு குவளையில் ஒரு சொட்டு. இன்னொன்று. அப்புறம் நிற்காமல் ஒரே தாரை. அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். நான் என்னை அறியாமல் "முருகா!" என்று கத்திவிட்டேன். உள்ளேயிருந்து அண்ணாச்சி அதட்டினார். "வெளிய யாரும் பேசாதீய, நின்னுரப் போவுது!"

ஊரில் எல்லோரும் கோயில் வாசலில் நின்று கைகூப்புகிறார்கள். என்னை டாய்லெட் வாசலில் நின்று கைகூப்ப வைத்துவிட்டது இந்த வேலை.