சாமி மேடையில் ஒரு ரவுட்டர்

ஆயுத பூஜை அன்று சந்தனமும் குங்குமமும் வாங்காத கருவி எதுவும் எங்கள் வீட்டில் கிடையாது. கார், தையல் மிஷின், மிக்ஸி, என் பழைய தட்டச்சுப்பொறி எல்லாவற்றுக்கும் பொட்டு உண்டு. சென்ற ஆண்டு அந்த வரிசையில் ஒரு ரவுட்டரும் சேர்ந்தது. வாங்கி இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. மனைவி அதைத் துடைத்து, பொட்டு வைத்து, சாமி மேடையின் மேல்தட்டில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் உட்கார வைத்தாள். பூஜை முடிந்ததும் மற்றவை தத்தம் இடத்துக்குத் திரும்பின. ரவுட்டர் மட்டும் அங்கேயே தங்கிவிட்டது.

அதற்குக் காரணம் பக்தி அல்ல. கோலாலம்பூருக்குப் பக்கத்தில், கிள்ளானில் நாங்கள் இருக்கும் அடுக்குமாடி பழையது. கம்பிவழி இணைப்புக்கு எழுதிக் கொடுத்து மாதக்கணக்காகிறது. உங்கள் புளோக்கில் இடமில்லை, காத்திருங்கள் என்பதுதான் பதில். அதனால்தான் சிம் அட்டை போட்டு, கைப்பேசிக் கோபுரத்திலிருந்து இணையத்தை இழுக்கும் இந்தப் பெட்டியை வாங்கினோம். அதற்குள் ஓர் இணையப் பக்கம் இருக்கிறது. கோபுரத்திலிருந்து வரும் அலையின் வலிமையை அதில் எண்ணாகப் பார்க்கலாம். படுக்கையறையில் வைத்தால் மைனஸ் நூற்றுப் பதினைந்து. சமையலறையிலும் ஏறக்குறைய அதே. சாமி மேடையில் மட்டும் மைனஸ் தொண்ணூறு; பூஜ்யத்தை நெருங்க நெருங்க அலைக்கு வலிமை அதிகம். எதிரே உள்ள இரண்டு புளோக்குகளுக்கு நடுவில் ஒரு சந்து தெரியும். எங்கள் ஹாலில் அந்தச் சந்துக்கு நேராக இருப்பது மேடை ஒன்றுதான்.

அந்த எண்ணுக்கு என்ன பொருள் என்று தேடிப் படித்தேன். மைனஸ் தொண்ணூறு என்றால், ஒரு வாட் மின்சக்தியை லட்சம் கோடிப் பங்காக்கி அதில் ஒரு பங்கு. எங்கள் வீட்டு மங்கல் பல்புகூடச் சில வாட் தின்கிறது. லட்சம் கோடியில் ஒரு பங்கை வைத்துக்கொண்டு இந்தப் பெட்டி முகத்தையும் குரலையும் வீட்டுக்குள் இறக்குகிறது. அதுவும் நல்ல அலையாம்! எத்தனையோ புத்தகம் படித்திருக்கிறேன். இப்படி ஒரு செய்தி என் ஹாலிலேயே இத்தனை காலம் மிதந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

ரவுட்டர் வாங்கியது மனைவிக்காக. பதினேழு வயதில் ஐந்தாம் படிவத்தோடு படிப்பை நிறுத்தி, கையுறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து, பிறகு ஒரு பாலர் பள்ளியில் உதவியாளராகச் சேர்ந்தவள் அவள். பிள்ளைகளுக்கு அவளைப் பிடித்துப்போக, சில ஆண்டுகளாக ஒரு வகுப்பே அவள் பொறுப்பில் இருந்தது. டிப்ளோமா இல்லாதவர்கள் வரும் ஆண்டு முதல் வகுப்பெடுக்க முடியாது என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். பேரன் எடுத்த பிறகு புத்தகத்தைத் திறந்தாள். கடைசித் தேர்வு இணையவழியில், கேமரா முன்னால். வேலைக்குப் போகிறவர்களுக்காக அதை மாலையில் வைத்திருந்தார்கள். இணைப்பு ஒரு முறை அறுந்தால் எச்சரிக்கை. மறுமுறை அறுந்தால் தேர்வு ரத்து, அடுத்த வாய்ப்பு அடுத்த ஆண்டு நடுவில்தான். அதற்குள் அவள் வகுப்பு வேறு கைக்குப் போய்விடும். பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் மகள் வீட்டில் எழுதலாம் என்றால் அங்கே கைக்குழந்தை. தேர்வறையில் குழந்தை அழுகுரல்கூடக் கேட்கக்கூடாது.

முதல் ஒத்திகைத் தேர்வில் இணைப்பு இரண்டு முறை அறுந்தது.

பகலெல்லாம் ஒழுங்காக ஓடும் பெட்டி, பொழுது சாய்ந்தால் தானாக அணைந்து தானாக எழும். வங்கிச் செயலி பாதியில் வெளியே தள்ளும். மகளோடு பேசும்போது பேரனின் வாய் திறந்தபடி உறைந்து நிற்கும். உதவி எண்ணில் பேசிய பெண், அணைத்துவிட்டு மறுபடி போடச் சொன்னார். அதைத்தான் அது தானே செய்துகொண்டிருக்கிறதே என்றேன். அவர் சிரிக்கவில்லை.

நான் ஒரு விளக்கம் கண்டுபிடித்தேன். மாலையில் கோலாலம்பூரிலிருந்து ரயில் ரயிலாக ஆள்கள் கிள்ளானில் இறங்குகிறார்கள். எல்லார் கையிலும் கைப்பேசி. எல்லாரும் அதே கோபுரத்தைத்தான் கேட்கிறார்கள். நெரிசல் தாங்காமல் நம் பெட்டி விழுகிறது. விளக்கம் எனக்கே மிகவும் பிடித்திருந்தது. மனைவியிடம் சொன்னேன்.

"அப்போ பரீட்ச அன்னிக்கு கிள்ளான்காரங்க யாரும் வீட்டுக்கு வரவேணாம்னு ஸ்டேஷன்ல போய் சொல்லிட்டு வாங்க" என்றாள்.

மறுநாள் லிட்டில் இந்தியாவில் உள்ள ஒரு கைப்பேசிக் கடைக்குப் பெட்டியை எடுத்துப்போனேன். கடைக்காரர் தமிழ்நாட்டிலிருந்து வந்து தொழில் செய்பவர். பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பாஸ், இந்த ஓட்டையெல்லாம் எதுக்குன்னு நினைச்சீங்க? இதுதான் இதுக்கு மூக்கு. மூக்குல போய் சந்தனத்த அப்பி வச்சிருக்கீங்க!"

"ஆயுத பூஜைக்கு வச்சதுலா."

"வைங்க, வேணாங்கல. நெத்தி பாத்து வைங்க."

பல் குத்தும் குச்சியால் ஓட்டை ஓட்டையாகச் சந்தனத்தைச் சுரண்டினார். அன்று முழுக்கக் கடையிலேயே ஓட விட்டார். இரவு கடை அடைக்கும்வரை ஒரு முறைகூட அணையவில்லை. நிம்மதியாக வீட்டுக்குக் கொண்டுவந்து மேடையில் வைத்தோம். அடுத்த நாள் மாலையே விழுந்தது. தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னேன்.

"பெட்டி நல்லாத்தான் இருக்கு பாஸ். உங்க வூடுதான் ரிப்பேரு."

இப்படி இருக்கும்போது, தீபாவளி முடிந்த கையோடு சுங்கை பூலோவில் என் பெரியப்பா மகன் இறந்துபோனார். வாழ்நாள் முழுக்கத் தொலைபேசிக் கம்பி இழுக்கும் வேலை பார்த்தவர். பங்காளி என்பதால் எங்களுக்கும் தீட்டு. கருமாதி வரை எங்கள் வீட்டு மேடையில் விளக்கில்லை, பூவில்லை. முருகன் படத்துக்கு முன்னால் ஒரு வெள்ளைத் துணி தொங்கியது.

அந்த நாள்களில் இணையம் ஒரு முறைகூட அறுந்ததாக எனக்கு நினைவில்லை. துக்கத்தில் முதலில் அதை யாரும் கவனிக்கவில்லை. இரண்டாவது ஒத்திகைத் தேர்வு முழுதாக முடிந்த பிறகுதான் மனைவி அறையிலிருந்து வெளியே வந்து என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

"என்னங்க, உங்க அண்ணன் மேல போனதும் முதல் வேலையா நம்ம லைன சரி பண்ணிட்டாரு போல."

சிரித்துவிட்டு இருவருமே கண்ணைத் துடைத்துக்கொண்டோம். உண்மையைச் சொன்னால், எனக்கு உடம்பு கொஞ்சம் சிலிர்த்தது. காற்றில் கண்ணுக்குத் தெரியாமல் என்னவெல்லாம் போகிறது என்று படித்திருந்தவன், அந்த நேரத்தில் எதையும் நம்பத் தயாராக இருந்தேன்.

கருமாதிக்கு மறுநாள் வீட்டைக் கழுவினோம். மாலையில் துணியை எடுத்துவிட்டு, வெள்ளிக்கிழமையும் அதுவுமாக, குத்துவிளக்கின் ஐந்து முகத்தையும் மனைவி ஏற்றினாள். விளக்கு மேடையின் கீழ்த்தட்டில். நான் நாற்காலியில் உட்கார்ந்து சுடரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சுடரின் நுனி நேராக மேல்தட்டுப் பலகையை நோக்கி நின்றது. பலகையின் அடிப்பக்கத்தில் கரிக்கோடு. அந்தக் கரிக்கு மேலே, படத்தின் மறைவில், ரவுட்டரின் பச்சை விளக்கு. கொஞ்ச நேரத்தில் பச்சை அணைந்தது.

எழுந்து போய் பெட்டியின் அடியில் கை வைத்தேன். சட்டென்று இழுத்துக்கொண்டேன். இஸ்திரிப் பெட்டிபோல் கொதித்தது.

"இங்க வா" என்று கூப்பிட்டேன். "தொட்டுப் பாரு."

தொட்டாள். விளக்கைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள்.

"அய்யோ! தெனம் நாந்தான் இத வேக வச்சிக்கிட்டு இருந்தேனா?"

ரயிலில் வந்தவர்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை. மாலையில் வீடு திரும்புகிறவர்களும் விளக்கேற்றும் நேரமும் ஒன்றாக வருவதால், நான் வெளியே தேடிக்கொண்டிருந்தேன். கடையில் விளக்கில்லை, தீட்டில் விளக்கில்லை. லட்சம் கோடியில் ஒரு பங்காக வந்து சேரும் ஒன்றை, கைக்கெட்டும் தூரத்தில் ஐந்து திரி போட்டு விரட்டிக்கொண்டிருந்தோம்.

பெட்டியை இறக்கி வீடு முழுக்கச் சுற்றி வந்தேன். ஜன்னல் கம்பி ஓரம், அலமாரி உச்சி, குளிர்சாதனப் பெட்டி மேலே. எங்கும் எண் விழுந்தது. மேடையைவிட்டு ஒரு முழம் தள்ளினால்கூட விழுந்தது. அது ஒன்றுதான் இடம். அந்த இடத்தில்தான் குடிவந்த நாள் முதல் அவள் விளக்கேற்றி வருகிறாள். அதனால் பெட்டியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். அவளும் மேடை முன்னால் வந்து நின்றாள். பிறகு முருகன் படத்தைக் கழற்றிக் கையில் எடுத்தாள்.

"டவர நகத்த முடியாதுலா. சாமி நகந்துக்குவாரு."

எதிர்ச்சுவரில் இருந்த தாழ்வான அலமாரியைத் துடைத்து, கோலம் போட்டு, படத்தையும் விளக்கையும் அங்கே வைத்தாள். பழைய மேடையில் ரவுட்டர் மட்டும் தனியாக நின்றது. துக்கம் விசாரித்ததற்கு நன்றி சொல்ல வந்த அண்ணி, இறந்தவரின் மனைவி, அதைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்னடி இது, புது சாமியா?"

"ஆமாக்கா. விளக்கு மட்டும் ஆகாது இதுக்கு."

தேர்வு நாள் திருக்கார்த்திகை அன்று அமைந்தது. பங்காளி வீட்டுச் சாவுதானே, பலகாரம் வேண்டாம், விளக்கு ஏற்றலாம் என்று அண்ணியே சொல்லியிருந்தார். ஆனால் விளக்கேற்றும் நேரத்தில் அவள் படுக்கையறையில் கதவைச் சாத்திக்கொண்டு கேமரா முன்னால் இருந்தாள். அகல் விளக்குகளையும் எண்ணெயையும் என்னிடம் கொடுத்திருந்தாள். வீட்டுக்குள் ஒன்றும் ஏற்றக்கூடாது, வெளி நடைபாதையில் மட்டும் என்பது உத்தரவு.

நான் நடைபாதைத் திண்டில் ஒவ்வொன்றாக ஏற்றினேன். மழை பெய்து ஓய்ந்திருந்தது. எதிர் புளோக்கிலும் அங்கங்கே வரிசை வரிசையாகச் சுடர்கள் வந்தன. இரண்டு புளோக்குகளுக்கு நடுவே அந்தச் சந்து இருட்டாக இருந்தது. அதன் வழியாகத்தான் அவளுடைய முகமும் விடைகளும் போய்க்கொண்டிருந்தன. நான் அந்த இருட்டையே பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. ஒன்றும் தெரியாததுதான் என்னை அசையவிடாமல் நிறுத்தி வைத்தது. எத்தனை வீட்டுப் பேச்சு, எத்தனை குழந்தையின் முகம், எத்தனை பேரின் விடைத்தாள் அந்தச் சந்தில் ஒன்றோடொன்று மோதாமல் போகிறதோ. திரும்பி, கம்பிக் கதவு வழியாக மேடையைப் பார்த்தேன். பச்சை.

ஒரு முறை மட்டும் அது மஞ்சளானது. என் கையிலிருந்த தீக்குச்சி விரல்வரை எரிந்தது. மறுபடி பச்சையானபோதுதான் விரலை உதறினேன்.

கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அவள் முடியை அள்ளி முடிந்துகொண்டே நடைபாதைக்கு வந்தாள்.

"அறுந்துச்சா?" என்று கேட்டேன்.

"ஒரு தடவகூட இல்ல. கடைசிக் கேள்விவர எழுதி அனுப்பிட்டேன். வந்து சேந்துச்சுன்னு பதிலும் வந்துருச்சு."

"அப்போ பாஸா?"

"லைன் பாஸ். நான் பாஸான்னு அவங்க சொல்லணும்லா." விளக்குகளைப் பார்த்துக்கொண்டே நடந்தவள் ஓரிடத்தில் நின்றாள். "இத ஏன் ஏத்தாம விட்டீங்க?"

கடைசி அகல் திரியோடு எண்ணெயில் ஊறிக்கொண்டிருந்தது. பக்கத்துச் சுடரிலிருந்து அவளே அதை ஏற்றினாள். பிறகு உள்ளே போய், பழைய மேடையின் மேல்தட்டுக்குக் கையை நீட்டி, பெட்டியின் அடியைத் தொட்டுப் பார்த்தாள். பிள்ளைகளுக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று புறங்கையால் பார்ப்பாளே, அதே போல.

"சூடு இல்லங்க" என்றாள்.