பாத்தி மிதித்த ஆட்டம்

"சின்ன வயசுல என்ன விளையாடுவீங்கக்கா?" என்று கேட்டாள், பிள்ளைகளின் விளையாட்டைப் பற்றி ஆராய்ச்சி செய்ய வந்த காலேஜ் பெண். தப்பாக ஏதாவது சொல்லிவிடுவேனோ என்று எனக்குப் பயம். வாசலில் என் மகள் கட்டம் போட்டுப் பாண்டி ஆடிக்கொண்டிருந்தாள். அந்தத் தொம் தொம் சத்தம் என்னை உப்பளத்துக்கு இழுத்துப் போனது.

மழைக்காலம் முடிந்ததும் உப்புப் பாத்தியின் களிமண்ணைக் காலால் மிதித்து இறுக்குவார்கள். அப்பா என்னையும் அண்ணனையும் அதில் இறக்கிவிடுவார். சேறு கணுக்கால் வரை குளுகுளுவென்று ஏறும். "ஏய் தவளை, நல்லாக் குதி. அண்ணன் உன்ன முந்திட்டான் பாரு" என்பார். நான் சிரித்துச் சிரித்துக் குதிப்பேன். பாத்தி மிதிக்கும் நாட்களில் எனக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. ஐந்தாவதோடு அது ஒரேயடியாக நின்றுபோனது.

"அது விளையாட்டா, வேலையாக்கா?" என்று கேட்டாள், நான் சொன்னதை எழுதிக்கொண்டிருந்த அந்தப் பெண்.

இதுவரை யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை.

"விளையாட்டுன்னுதாம்மா நெனச்சேன். வேலைன்னு சொன்னா அழுவோம்னு அப்பா அத ஆட்டமாக்கிட்டாரு போல."

மகள் உள்ளே எட்டிப் பார்த்தாள். தினமும் இந்நேரத்துக்குத்தான் அவளைக் குழாயடிக்கு அனுப்புவேன்.

"அம்மா, தண்ணி எடுக்கப் போகட்டுமா?"

"நீ ஆடுடி," என்று குடத்தை எடுத்தேன். "நான் போறேன்."