சுற்றாத குமிழ்

என் மேசைமேல் ஒரு புகைப்படம் இருக்கிறது. மலைக் காசித்தும்பைப் பூ ஒன்று, பின்னால் மங்கலாக ஏரி. கீழ் மூலையில் இரண்டு விரல்கள், காம்பு காற்றில் ஆடாமல் பிடித்திருக்கின்றன. தொண்ணூறுகளில் நான் எடுத்தது. அப்போது விரல்களை வெட்டிவிட்டுத்தான் பெரிதாக்கினேன். சென்ற வாரம் நெகட்டிவைத் தேடியெடுத்து, முழுதாக அச்சிட்டு வாங்கினேன்.

விரல்கள் கெமிஸ்ட்ரி சாரின் மனைவியுடையவை. சாரும் நானும் ஒரே கல்லூரியில் ஆசிரியர்கள், நான் கணிதம். சிங்காநல்லூரில் அடுத்தடுத்த தெரு. விடுமுறை வந்தால் கேமராவோடு மலையேறுவோம். எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஃபிலிம் மாற்றி மூடியதும் ஒருவர் ஃபிலிமை நகர்த்தும் நெம்புகோலைத் தள்ளுவார், மற்றவர் கேமராவின் இடப்பக்கக் குமிழைப் பார்ப்பார். அது சுற்றினால் ஃபிலிம் நகர்கிறது. சுற்றாவிட்டால் ஃபிலிமின் நுனி கழன்றிருக்கிறது. எத்தனை முறை தட்டினாலும் ஒரு படமும் விழாது. "சுத்துதுங்களா?" "சுத்துதுங்க." இதைச் சொல்லாமல் நாங்கள் ஒரு ரோலும் தொடங்கியதில்லை.

அந்த ஆண்டு கோடையில் ஒரு வார இதழின் அட்டையில் என் படம் வந்தது, அவர் பெயரில். என் நெகட்டிவைத் தன் இருட்டறையில் அச்சிட்டவர் அவர்தான். கேட்டபோது சிரித்தார். "ஏனுங்க சார், ரெண்டு பேரும் ஒண்ணாத்தானுங்களே போனோம்? யாரு பேர்ல வந்தா என்னுங்க?" ஆசிரியர் அறையில் எல்லோரும் அவர் கையைக் குலுக்கினார்கள். நானும் குலுக்கினேன். நட்பை முறிக்கவில்லை. முறித்தால் பழி வாங்கும் தூரத்தில் இருக்க முடியாது என்று யோசித்தே முறிக்கவில்லை.

மழை ஓய்ந்ததும் நீலகிரியில் அவலாஞ்சிப் பக்கம் ஓர் ஏரிக்கு நடந்தோம். முதல் முறையாக அவர் மனைவியும் வந்தார். அந்த அம்மாவுக்கு மார்பில் கட்டி, அடுத்த வாரம் அறுவை சிகிச்சை. கல்யாணப் படத்துக்குப் பிறகு அவர் கேமரா முன் நின்றதே இல்லை. "இன்னைக்காவது அம்மணிய நாலு படம் எடுத்துப்போடோணுமுங்க" என்று சார் பேருந்திலேயே என் காதில் சொல்லியிருந்தார். எல்லாம் தெரிந்துதான் செய்தேன்.

அவருடைய முதல் ரோல் ஏரியிலும் பூக்களிலுமே தீர்ந்தது. என் பூ ஆடிக்கொண்டே இருந்ததால், "நீங்க எடுங்க சார், நான் புடிச்சுக்கறேன்" என்று அந்த அம்மா வந்து குனிந்தார். அப்போதுதான் சார் விறைத்த விரல்களோடு ரோல் மாற்றினார். அவர் கண்ணாடியில் பனி படிந்திருந்தது. நெம்புகோலைத் தள்ளிவிட்டு, "சுத்துதுங்களா?" என்றார். குமிழ் அசையவில்லை.

"சுத்துதுங்க" என்றேன்.

அதன்பின் அந்த அம்மா பாறையில் உட்கார்ந்தார், பூக்களுக்கு நடுவே நின்றார், சிரித்தார். "பூவ எடுங்கன்னா கிழவியப் புடிக்கறீங்களே!" "சும்மா இரு கண்ணு. பூவு அடுத்த வருசமும் பூக்கும், நீ இப்படிச் சிரிக்கோணுமே!" ஒரு ரோலுக்கு உரிய முப்பத்தாறு படங்கள் தாண்டியும் நெம்புகோல் நகர்ந்தது. "பாருங்க சார், ரெண்டு படம் சேர்த்தே குடுத்திருக்கானுங்க!" என்று சார் குதூகலித்தார். என் சொல்லை நம்பியதால் அவருக்குச் சந்தேகம் வரவில்லை. ஒரு வார்த்தை சொல்ல ஒரு பகல் முழுக்க எனக்கு நேரம் இருந்தது. நான் சொல்லவில்லை. அவர் தட்டிய ஒவ்வொரு தட்டும் எனக்கு இனித்தது.

அந்த அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பவில்லை. காரியம் முடிந்த மறுநாள் சார் வெற்று ஃபிலிமோடு என் வீட்டுக்கு வந்தார். "அந்தப் பனில உங்களுக்கும் சரியாத் தெரியலையாட்டிருக்குங்க" என்று எனக்காக அவரே ஒரு காரணம் சொன்னார். பிறகு, "உங்க ரோல்ல அம்மணி எங்கியாச்சும் இருக்காளுங்களா சார்?"

"இல்லீங்க. பூ மட்டுந்தானுங்க."

விரல்களை வெட்டிய படம் அப்போது உள்ளறைச் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது.

அந்த அட்டைப்படத்துக்கு அவர் இன்றுவரை வருத்தம் தெரிவித்ததில்லை. என் கோபமும் முழுதாக ஆறிவிடவில்லை. ஆனால் அவர் எடுத்துக்கொண்டது என் பெயரை. நான் எடுத்துக்கொண்டது அதற்கு ஈடானதல்ல என்பதைக் கணக்கு வாத்தியாரான எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அவர் இப்போது உடுமலைப்பேட்டையில் மகனோடு இருக்கிறார். படத்தை உறையிலிட்டு விலாசம் எழுதினேன், பிறகு உறையைக் கிழித்துவிட்டேன். தபாலில் போட்டால் அவர் முகத்தைப் பார்க்காமல் தப்பித்துவிடுவேன். நாளைக் காலை சிங்காநல்லூரில் பஸ் ஏறுகிறேன். அந்த இரண்டு விரல்களை அவர் கையில் கொடுக்க வேண்டும். படத்தின் பின்புறம் நான் எழுதியிருப்பதை அவர் படித்து முடிக்கும்வரை எதிரிலேயே நிற்க வேண்டும்: "அன்னைக்கு சுத்தலைங்க. நான் பார்த்தேன்."