சூடம் ஏற்றிய அறை

என் மனைவி பெங்களூருக்கு வேலைக்குப் போன பிறகுதான் பௌர்ணமி என்றைக்கு என்று காலண்டரில் பார்க்க ஆரம்பித்தேன். பக்தியால் அல்ல. பௌர்ணமி சனி, ஞாயிறில் வந்தால் கிரிவலக் கூட்டத்துக்காகப் பேருந்துகளை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். செங்கம் சாலையில் எங்கேயோ இறங்கி, ஆட்டோ கிடைக்காமல் பையோடு நடந்து வருவதற்குப் பதில் அந்த வாரம் அவள் வராமலே இருந்துவிடுவாள். ஊரே எதிர்பார்க்கும் நாள் எனக்கு மட்டும் ஆகாத நாளாகிப்போனது.

அவள் நெடுங்காலம் இங்கே ஒரு பாலிடெக்னிக்கில் விரிவுரையாளராக இருந்தாள். மகன் படிப்பை முடித்து வேலைக்குப் போன வருடம், சிப் செய்யும் இயந்திரங்களைத் தயாரிக்கும் வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று பெங்களூரில் பெரிய மையம் திறந்தது. கம்பெனி செய்வது சிப் அல்ல, சிப்பைச் செய்யும் இயந்திரம். இந்த வித்தியாசத்தை என் அலுவலகத்தில் பலருக்குப் பலமுறை விளக்கியிருக்கிறேன். அந்த இயந்திரங்களைக் கழற்றி மாட்டவும் பழுது பார்க்கவும் சொல்லிக்கொடுக்க ஆள் கேட்டிருந்தார்கள். விண்ணப்பித்தாள், கிடைத்தது, போனாள். நான் வேங்கிக்காலில் கலெக்டர் அலுவலகத்தில் இருக்கிறேன். இந்த மாவட்டத்தை விட்டு எனக்கு மாற்றல் கிடையாது.

அவள் இருந்தவரை கத்தரிக்கோலை எடுத்தால் எடுத்த இடத்தில் வைக்கமாட்டாள். மூக்குக்கண்ணாடியை ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டு வீடெல்லாம் தேடுவாள். நான் முணுமுணுத்துக்கொண்டே எடுத்துக் கொடுப்பேன். அவள் போன பிறகு வைத்தது வைத்த இடத்திலேயே இருந்தது. இத்தனை வருடமாக நான் கேட்டுக்கொண்டிருந்த ஒழுங்கு வந்துவிட்டது. சாயந்திரம் கதவைத் திறந்ததும் அதைப் பார்க்கத்தான் முடியவில்லை.

போன வருடம் ஒருநாள் போனில் ஒரு செய்தி சொன்னாள். கம்பெனி தெற்கே கிளைகளைப் பெருக்கும்போது சுற்றியுள்ள ஊர்களுக்கும் ஏதாவது செய்ய வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறார்களாம். பாலிடெக்னிக் பெண்களுக்குத் தங்கள் இயந்திரம் ஒன்றோடு ஒரு பயிற்சி அறை கட்டிக் கொடுக்கப்போகிறார்கள். அவள் நம் ஊரைச் சொல்லியிருக்கிறாள், ஒப்புக்கொண்டுவிட்டார்கள். அறையை நடத்தக் கம்பெனி ஆள் ஒருவர் இங்கேயே வந்து தங்குவார். அடுத்த வாக்கியத்துக்காகக் காத்திருந்தேன். மோட்டார் ரிப்பேர் பண்ணியாச்சா என்று கேட்டாள்.

அந்த ஆள் நீதானா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் எனக்காக மட்டும் வந்துவிடுவாளோ என்று ஒரு பயம். கேட்டும் வராமல் போய்விடுவாளோ என்று அதைவிடப் பெரிய பயம். ஆனால் ஜன்னலோரம் ஒரு மேஜை வாங்கிப் போட்டேன். அவளுடைய லேப்டாப்புக்காகப் பக்கத்தில் ஒரு பிளக் பாயின்ட் வைக்கச் சொன்னேன். பீரோவில் மேல் இரண்டு தட்டுகளைக் காலி செய்தேன். திறப்பு விழா நெருங்க நெருங்க வேறெதையும் நினைக்க முடியவில்லை.

அந்த அறையின் சிறப்பே அங்கே தூசி இருக்கக்கூடாது என்பதுதான். கண்ணுக்குத் தெரியாத துகள்கூடச் சிப்பைக் கெடுத்துவிடும். அதனால் பவுடர், பூ, குங்குமம், விபூதி எதுவும் உள்ளே போகக்கூடாது. வெறும் நெற்றியோடா பெண்ணை அனுப்புவது என்று ஒரு அம்மா கேட்டிருக்கிறார். வாசலில் துடைத்துவிட்டு உள்ளே போகட்டும், வெளியே வந்ததும் வைத்துக்கொள்ளட்டும் என்று என் மனைவி பேசிச் சமாதானம் செய்திருக்கிறாள்.

திங்கட்கிழமை திறப்பு விழா. அன்று சாயந்திரமே அவள் கிளம்ப வேண்டும். முந்தின வியாழக்கிழமை வந்தவள் வெள்ளியன்று எல்லாம் சரியாக இருக்கிறது என்று பூட்டிவிட்டு வந்தாள். சனிக்கிழமை காலையில் போய்ப் பார்த்தால், தூசியை எண்ணும் கருவி தாறுமாறாகக் காட்டுகிறது. சுவரில் கரி. இயந்திரத்தின் நெற்றியில், அப்படி ஒன்று இருந்தால், மூன்று பட்டை விபூதியும் குங்குமப் பொட்டும்.

வேலையை எடுத்திருந்த எலக்ட்ரிகல் காண்ட்ராக்டர் உள்ளூர்க்காரர். பேங்க், ஆஸ்பத்திரி என்று எத்தனையோ கட்டடம் முடித்துக் கொடுத்தவர். பூஜை போடாமல் எதையும் ஒப்படைத்ததில்லை. இதற்கும் வெள்ளிக்கிழமை சாயந்திரம், தன்னிடமிருந்த சாவியால் திறந்து, தானாகவே போட்டுவிட்டார். அவரோடு நடந்த பேச்சை அவளே அன்று நடித்துக் காட்டினாள்.

"இன்னா மேடம், வெறும் சூடம்தான். பூசணிக்காகூட வெளியதான் ஒடைச்சேன்."

"உள்ள எவ்ளோ ஏத்துனீங்க?"

"ஜாஸ்தி இல்ல மேடம். மெஷினுக்கு ஒண்ணு, கதவுக்கு ஒண்ணு. அப்புறம் அந்த ஃபில்டருக்குத் தனியா ஒண்ணு காட்டினேன். அதுதான் முக்கியம்னு நீங்கதான சொன்னீங்க."

கோபப்பட வேண்டிய நேரத்தில் சிரித்துவிட்டதாகச் சொன்னாள். சொல்லும்போதும் சிரித்தாள். அறைக்குள் வரும் காற்றை வடிகட்டும் ஃபில்டர் புதிதாகப் பெங்களூரிலிருந்து வர வேண்டும், அறை முழுவதையும் துடைக்க வேண்டும், விழா வியாழக்கிழமைக்குத் தள்ளிப்போய்விட்டது. நான் முகத்தை வருத்தமாகவே வைத்துக்கொண்டேன். அந்தக் காண்ட்ராக்டரை நன்றியோடு நினைத்தவன் இந்த ஊரில் நான் ஒருவன்தான்.

ஞாயிற்றுக்கிழமை துடைக்க ஆள் போதவில்லை. நானும் வரட்டுமா என்றேன். உங்களுக்கு ஏற்ற வேலைதான், வாங்க என்றாள். அறைக்கு வெளியே எனக்கு அவளே உடுத்திவிட்டாள். முதலில் முகக்கவசம், பிறகு தலைக்குக் குல்லாய், பிறகு உடம்பு முழுக்க ஒரே அங்கி, காலுறை, கடைசியில் கையுறை. மேலிருந்து கீழே, அந்த வரிசை மாறக்கூடாது. ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டு, முகத்தை மட்டும் தொட்டுடாதீங்க என்றாள். கண் மட்டும்தான் வெளியே தெரிந்தது.

"ஒரே பக்கமா இழுங்க. திருப்பித் தேய்ச்சா, எடுத்த தூசியை நீங்களே மறுபடி வெக்கறீங்க" என்று காட்டிக் கொடுத்தாள்.

ஒரு சுவரை முடித்தேன். அவள் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தாள்.

"எங்க பசங்களுக்கு இது வர ஒரு மாசம் ஆவும்."

"சம்பளம் எவ்ளோ?"

"மதியம் சாப்பாடு."

மற்றவர்கள் பக்கத்து அறையில் இருந்தார்கள். மின்விசிறியின் சத்தம் மட்டும். அப்போதுதான் கேட்டேன்.

"இதைப் பாத்துக்க நீதான வரப்போற?"

அவள் துணியை ஒரு மடிப்பு மடித்தாள்.

"நான் கேக்கலங்க."

"கேட்டா குடுப்பாங்கல்ல?"

"குடுப்பாங்க. அதனாலதான் கேக்கல."

பாலிடெக்னிக்கில் அவளிடம் படித்த பெண் ஒருத்தி அதே கம்பெனியில் இருக்கிறாள். சின்னக் குழந்தையைப் போளூரில் தன் அம்மாவிடம் விட்டுவிட்டு, ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்கிறாள். அவளுடைய பெயரைத்தான் என் மனைவி எழுதிக் கொடுத்திருக்கிறாள். இதைச் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அது மட்டும்தான்னு சொன்னா பொய். எனக்கு அங்க புடிச்சிருக்கு. இங்க சொன்னதையே வருஷா வருஷம் சொல்லிட்டிருந்தேன். அங்க தெனம் எனக்குத் தெரியாதது ஒண்ணு வருது."

நான் துணியை மடித்து அடுத்த பட்டையை இழுத்தேன்.

"உங்களை விட்டுட்டுப் போகலங்க. வேலைக்குப் போயிருக்கேன்."

சரி என்று தலையாட்டினேன். கண் நிறைந்தது. கையைத் தூக்கிவிட்டு, நினைவு வந்து இறக்கிக்கொண்டேன். அவள் பார்த்துவிட்டாள்.

"வெளிய போய்த் தொடைச்சிட்டு வாங்க."

வெளியே போனால் எல்லாவற்றையும் கழற்றி, திரும்ப முதலிலிருந்து உடுத்த வேண்டும். பரவாயில்லை என்று அடுத்த சுவருக்குப் போனேன். முகக்கவசம் ஈரமாகி ஒட்டிக்கொண்டது.

சனிக்கிழமை நான் அவ்வளவு சந்தோஷப்பட்ட கூடுதல் நாட்களை, அவள் இங்கே திரும்பி வரப்போவதில்லை என்று தெரிந்தே கழிக்க வேண்டியதாயிற்று. அலுவலகத்திலிருந்து வரும்போது வீட்டில் விளக்கு எரிந்தது. புது மேஜையில் உட்கார்ந்து வேலை பார்த்தாள், உயரம் சரியாக இருக்கிறது என்றாள். எதற்காக வாங்கினேன் என்று கேட்கவில்லை. புரிந்திருக்கும். வீடு கலைந்து கிடந்தது. நான் எதையும் எடுத்து வைக்கவில்லை.

வியாழக்கிழமை விழா நடந்தது. புதிதாகப் பொறுப்பேற்ற அந்தப் பெண் முழு உடுப்பில் கண்ணாடிக்கு உள்ளே நின்று மாணவிகளுக்கு விளக்கிக்கொண்டிருந்தாள். அவளுடைய குழந்தை கண்ணாடியில் கன்னத்தை ஒட்டிக்கொண்டு, உள்ளே இருக்கும் வெள்ளை உருவங்களைத் தயக்கத்தோடு பார்த்தது. எது அம்மா என்று தெரியவில்லை. அவள் வெளியே வந்து குல்லாயைக் கழற்றியதும் ஓடிப்போய் முழங்காலைக் கட்டிக்கொண்டது. இனி போளூரிலிருந்தே தினமும் பேருந்தில் வந்து போவாளாம்.

என் மனைவி கொஞ்சம் தள்ளி நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்த பிறகு, நீ செய்தது தப்பு என்று எனக்குள்ளேகூடச் சொல்லிக்கொள்ள முடியவில்லை. ஆனால் எனக்கு வேண்டியது வேண்டியபடியேதான் இருந்தது.

சாயந்திரம் பேருந்து நிலையத்தில் அவளுக்கு ஜன்னலோர இருக்கை கிடைத்தது. வண்டி எடுப்பதற்கு முன்னால் கண்ணாடியைத் தள்ளி என்னைக் கூப்பிட்டாள்.

"அடுத்த வாரம் நான் வரலங்க. நீங்க வாங்க. நான் வேலை செய்யற எடத்தை நீங்க பாத்ததே இல்ல."

உண்மைதான். அவள் போன நாளிலிருந்து நான் ஒருமுறைகூடப் போனதில்லை. அங்கே அவளுக்கு ஒரு வீடு இருப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டால், இங்கே காத்திருப்பதற்கு அர்த்தம் இருக்காது என்று தோன்றியிருக்க வேண்டும்.

"உள்ள விடுவாங்களா?"

"மாட்டாங்க. வாசல்லேர்ந்து காட்டறேன்."

வண்டி திரும்பி மறையும்வரை நின்றிருந்தேன். பிறகு டைம் கீப்பர் அறைக்குப் போய், சனிக்கிழமை காலையில் பெங்களூருக்கு முதல் வண்டி எத்தனை மணிக்கு என்று கேட்டேன். அவர் நிமிராமலே, அவ்வளவு அவசரமென்றால் வெள்ளிக்கிழமை சாயந்திரமே ஒன்று இருக்கிறது என்றார்.