எல்லோரும் சொன்ன பச்சைப் போர்வை

எங்கள் பட்டறையில் அவளைக் கத்திரி என்றுதான் கூப்பிடுவோம். திரைச்சீலைத் துணி வெட்டுவது அவள் வேலை, தைப்பது என் வேலை. பேச்சிலும் அவள் அப்படித்தான். நீட்டி முழக்குகிற ஆளை நடுவிலேயே நறுக்கிவிடுவாள். முதலாளி வந்து நேரம் தவறாமையைப் பற்றி உபதேசம் ஆரம்பித்தால், "துணி வந்தாச்சா சார்?" என்று ஒரே கேள்வியில் அவரை அறைக்குத் திருப்பி அனுப்பிவிடுவாள். இப்படிப்பட்டவளுக்கு அவள் குடும்பமே இத்தனை வருஷமாகக் காதில் பூ சுற்றிவந்தது. நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. அதனால் இந்தக் கதையில் நான் நடுநிலையாக இருப்பேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

அவளுக்கு அம்மாவின் முகம் தெரியாது. நாலு வயதில் அம்மா காய்ச்சலில் போய்விட்டாள் என்று சொல்லித்தான் வளர்த்தார்கள். வளர்த்தது அப்பாவின் அக்கா, அவளுக்கு அத்தை. அப்பா உயிரோடு இருந்தவரை அந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து வெளியே போய்விடுவாராம். வீட்டில் அம்மாவின் படம் ஒன்றுகூடக் கிடையாது. அவளுக்கென்று இருந்தது அண்ணன். ஏழு வயது மூத்தவன், லிஃப்ட் மெக்கானிக். அவளைக் கைபிடித்துப் பள்ளிக்கூடம் கூட்டிப்போனவன், கல்யாணத்தில் முன்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்தவன். வெளியூர்க் கட்டடங்களில் வேலை என்று போனால் வெறுங்கையோடு திரும்பமாட்டான். அவள் தினமும் சாப்பாடு கொண்டுவரும் நீலப் பூப்போட்ட துணிப்பை அப்படி வந்ததுதான். சாயம் போய், ஓரம் நைந்தும் அவள் அதை மாற்றவில்லை. "அண்ணன் கொடுத்தது" என்று சொல்லும்போது மட்டும் கத்திரியின் பேச்சு கொஞ்சம் நீளும்.

ஒருநாள் அவள் மகளின் பள்ளிக்கூடத்தில் குடும்ப மரம் வரைந்துவரச் சொன்னார்கள். அப்பா பக்கம் கிளை கிளையாக நிரம்பியது. அம்மா வழிப் பாட்டியின் இடத்தில் ஒரு காலிக் கட்டம். உங்க அம்மாவுக்கு அக்கா தங்கச்சிகூட இல்லையா என்று மகள் கேட்டாள். அன்றைக்குத்தான் கைப்பேசியில் தேட ஆரம்பித்தாள். தூர தேசத்து நூலகம் ஒன்று, குடும்ப வரலாற்றைத் தேடுவது எப்படி என்று இலவசமாகப் பாடம் போட்டிருந்தது. மூக்குக் கண்ணாடி போட்ட ஓர் அம்மாள் நிதானமாகச் சொல்லிக்கொடுப்பார். கீழே தமிழ் எழுத்து ஓடும். எந்த இயந்திரம் மொழிபெயர்த்ததோ, மாமியார் என்று வரவேண்டிய இடத்தில் "சட்டத்தின் தாய்" என்று வந்தது. என் மாமியாருக்குப் பொருத்தமான பட்டம்தான் என்று நான் சொல்ல, இரண்டு பேரும் சிரித்துச் சிரித்துத் தேநீரைக் கொட்டினோம்.

சாப்பாட்டு இடைவேளையில் காதுக் குமிழ் ஒன்று அவள் காதில், மற்றது என் காதில். சும்மா யார் சொல்லிக்கொடுப்பார்கள், கடைசிப் பாடத்தில் காசு கேட்பார்கள் பார் என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். கேட்கவே இல்லை. அவள் வெட்டுமேசையில் மிஞ்சிய அளவுத்தாளை விரித்து மரம் வரைந்தாள். எதையும் முதலில் பென்சிலில் எழுது, இரண்டாவது ஆள் ஒருவர் அதையே உறுதிசெய்த பிறகு பேனாவால் எழுது என்பது முதல் பாடம். சொந்தக்காரர்களை ஒன்றாக உட்காரவைத்துக் கேட்காதே, தனித்தனியாகக் கேள், அனுமதி வாங்கிப் பதிவுசெய் என்பது அடுத்தது. அம்மா எப்படிப் போனாள் என்று அவள் அத்தையிடம் கேட்டாள், சித்தப்பாவிடம் கேட்டாள், அண்ணனிடம் கேட்டாள். மூன்று பதிவுகள் கிடைத்தன. ஆளுக்கு ஆள் பொருந்துகிறது, இனி பேனாவால் எழுதலாம் என்று அவளுக்கு ஒரே சந்தோஷம்.

அடுத்த பாடத்தில் அந்த அம்மாள் வேறு மாதிரி சொன்னார். ஒரே சம்பவத்தைப் பார்த்த மூன்று பேர் மூன்று விதமாகத்தான் சொல்வார்கள். வார்த்தை பிசகாமல் ஒன்றுபோலச் சொன்னால், யாரோ அவர்களை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்பட வேண்டும் என்றார். கத்திரி பாடத்தை அப்படியே நிறுத்திவிட்டு, மூன்று பதிவுகளையும் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டாள்.

"மாடியில துணி எடுக்கப் போனா, மழையில நனைஞ்சா, காய்ச்சல் வந்துச்சு, பச்சைப் போர்வையைப் போத்திக்கிட்டுப் படுத்தா, எந்திரிக்கவே இல்ல."

அத்தை சொன்னதும் அதுதான். சித்தப்பா சொன்னதும் அதுதான். அண்ணன் 'போனா' என்பதற்குப் பதில் 'போனாங்க' என்றான், அவ்வளவுதான் வித்தியாசம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மனப்பாடப் பாட்டை ஒப்பிப்பதுபோல் இருந்தது. யார் தூக்கினார்கள், யார் அழுதார்கள், மழை எப்போது நின்றது என்று ஒருவர் வாயிலும் வரவில்லை. அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் மிஷினில் நூல் கோத்துக்கொண்டிருந்தேன்.

அப்போதும் அவள் அண்ணனைச் சந்தேகப்படவில்லை. பதினொரு வயதுப் பையன், பெரியவர்கள் அவனையும் ஏமாற்றியிருப்பார்கள், பாவம் என்றாள். அவனிடம் மட்டும் போய் மனதில் இருந்ததைக் கொட்டினாள். இத்தனை பெரிய காய்ச்சலுக்கு ஒரு டாக்டரைக்கூடவா கூப்பிடவில்லை, அதுதான் எனக்கு உறுத்துகிறது என்று சொல்லியிருக்கிறாள். அவன் இவள் தலையைத் தடவி, தான் விசாரித்துச் சொல்வதாகச் சொல்லி அனுப்பினானாம்.

அந்த வாரமே அத்தை போனில் கூப்பிட்டாள். நலம் விசாரித்த கையோடு, யாரும் கேட்காமலே, உங்கம்மாவுக்கு டாக்டர் வந்து ஊசி போட்டார், அவரே கையை விரிச்சுட்டார் என்றாள். சித்தப்பாவைக் கடைத்தெருவில் பார்த்தபோது அவரும் டாக்டர், ஊசி, கைவிரிப்பு என்று வரிசை மாறாமல் சொன்னார். டாக்டரைப் பற்றி இவள் வாய் திறந்தது ஒரே ஒருவனிடம்தான். அன்று ஒரு முழுத் துணியை அளவு தப்பி வெட்டிவிட்டாள். எங்கள் பட்டறையில் அது அதுவரை நடந்ததில்லை.

அண்ணன் வீட்டுக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். அவன் கூடத்தில் ஒரு பழைய மோட்டாரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தான். அவள் செருப்பைக் கழற்றியதும் கேட்டுவிட்டாள்.

"பாடம் சொல்லிக்கொடுத்தது நீதானே?"

முதலில் பூசி மெழுகினான். அவள் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. கையில் கிரீஸோடு அவன் சொல்ல ஆரம்பித்தான். அம்மா சாகவில்லை. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஒத்துவராமல் போக, அத்தை ஒருநாள் அம்மாவை வீட்டைவிட்டு அனுப்பிவிட்டாள். பிள்ளைகளைக் கொடுக்கவில்லை. செத்துவிட்டாள் என்று சொல்ல முடிவுசெய்து, அந்த மழையையும் போர்வையையும் அத்தைதான் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தாள். வேலைக்குப் போகிற வயதில் அவன் அம்மாவைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டான். வேறோர் ஊரில், ஒரு மாணவர் விடுதியில் சமையல் வேலை செய்துகொண்டு, வாடகை அறையில் இருந்தாளாம். வெளியூர் லிஃப்ட் வேலை என்று அவன் போனதெல்லாம் பாதி அங்கேதான். போன வருஷம் அம்மா நிஜமாகவே இறந்துபோனாள். கூட இருந்து எல்லாம் செய்தவன் அவன் மட்டும்தான்.

போன வருஷம். அதாவது அவளும் நானும் இந்தப் பட்டறையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்த வருஷம். என் கை தானாக அங்கே கிடந்த ஸ்பேனரை எடுத்தது, பிறகு வைத்துவிட்டேன்.

"அம்மா என்னைப் பத்திக் கேட்கவே இல்லையா?" என்றாள்.

"கேட்டாங்க. உனக்குப் பார்க்க விருப்பமில்லைன்னு சொல்லிட்டேன்."

"ஏன்?"

"உனக்கு அத்தை இருந்தாங்க. உன்னை மடியிலேயே வச்சுக்கிட்டாங்க. எனக்கு யாரும் இல்ல. அம்மா எனக்கு மட்டும் இருக்கட்டும்னு நினைச்சேன். அப்புறம் சொல்ல வாய் வரல."

அவள் அழவில்லை, கத்தவும் இல்லை. பாடத்தில் சொன்ன சின்னச் சின்னக் கேள்விகளைக் கேட்டாள். அம்மா எப்படிச் சிரிப்பாள், எந்தக் கையால் எழுதுவாள், என்ன சாப்பிடுவாள் என்று ஒவ்வொன்றாக. அவன் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னான். படம் இருக்கிறதா என்றதற்கு, அம்மா எடுக்க விட்டதில்லை என்றான். கிளம்பும்போது வாசல்வரை ஓடிவந்து அவள் கையிலிருந்த துணிப்பையைத் தொட்டான்.

"இது நான் வாங்கினது இல்ல. அம்மா உனக்காக உட்கார்ந்து தைச்சுக் கொடுத்தது."

வழியில் நான்தான் பேசிக்கொண்டு வந்தேன். அந்த ஊருக்கு நானும் வருகிறேன், விடுதியில் விசாரிப்போம், அம்மாவைத் தெரிந்தவர்கள் நாலு பேராவது இருப்பார்கள் என்றேன்.

"அந்த அட்ரஸும் அவன் வாயிலேருந்துதானே வரணும்" என்றாள்.

மறுநாள் இடைவேளையில் கைப்பேசியை எடுக்கவில்லை. பையைக் காலிசெய்து, உள்பக்கத்தை வெளியே திருப்பி என் மிஷின்மேல் வைத்தாள். நீ தைக்கிறவள், பார்த்துச் சொல், இது வீட்டில் ஒரு பொம்பளை உட்கார்ந்து தைத்ததா என்று கேட்டாள்.

பார்த்தேன். ஓரமெல்லாம் பிசிறு பிரியாமல் ஐந்து நூல் மிஷினில் அடித்திருந்தது. அது பெரிய தொழிற்சாலைகளில்தான் இருக்கும். பக்கத் தையலுக்குள் கம்பெனிச் சீட்டை வெட்டியெடுத்த மிச்சம் வெள்ளையாக நீட்டிக்கொண்டிருந்தது. ஆமாம், அம்மா தைத்ததுதான் என்று ஒரு வார்த்தை சொன்னால் அவளுக்கு ஆறுதலாக இருக்கும். அந்தப் பாவியும் இதே ஆறுதலைத்தான் நினைத்திருப்பான் என்று தோன்றியதும் உள்ளதையே சொன்னேன்.

"கடைச் சரக்குடி."

அவள் பையை வாங்கி மறுபடி நேராகத் திருப்பினாள்.

"எனக்கும் நேத்தே தெரியும். நீ தனியா என்ன சொல்றேன்னு பார்த்தேன்."

என்னையுமா என்று எனக்குச் சுருக்கென்றது. கோபம்கூட வந்தது. ஆனால் யாரிடம் போய்க் கோபப்படுவது? அவள் அளவுத்தாளை விரித்து, அம்மாவின் கட்டத்தில் இறந்த வருஷமாகப் போன வருஷத்தைப் பென்சிலில் எழுதினாள். கீழே அண்ணன் சொன்னது என்று குறித்தாள். பிறகு தாளைச் சுருட்டி மேசைக்கு அடியில் வைத்துவிட்டு, அடுத்த துணியை விரிக்க ஒரு முனையைப் பிடிக்கச் சொல்லி என்னைக் கூப்பிட்டாள்.